கால் நிற்கும் இடத்துக் கூலி

அக்டோபர் 9

தலைமை அலுவலகத்துத் தம்பிக்கு,

நீ மூன்று முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன். கடைசியில் "சரி விடு, அத்தானுக்கு முதுகு இப்போ எப்படி இருக்கு" என்று பேச்சை மாற்றுவாய், நானும் முட்டாள் மாதிரி அவர் முதுகைப் பற்றி அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பேன். காகிதத்தில் அந்த வித்தை பலிக்காது.

என்னோடு காலை பஸ்ஸில் ஒருத்தி வருவாள். வங்கியில் தரை துடைக்கிற வேலை. ஒன்றாம் தேதி ஏறி உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "எங்களுக்குக் கூலி ஏறிடுச்சு, உங்களுக்கு?" என்றாள். எங்களுக்கு ஏது என்றேன். "அதெப்படி? வருஷா வருஷம் அக்டோபர் ஒண்ணாம் தேதி ஏறும்ல. இந்த மாகாணத்துல மணிக்குப் பதினேழுக்குக் கீழ யாரும் குடுக்கக் கூடாது. சட்டம்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "எங்க சாப்பாட்டு அறையிலயே அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருக்கு. மணிக்குப் பதினஞ்சு. ரெண்டரை வருஷமா அதைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிடறேன்" என்றேன். அவள் ஐயோ பாவம் என்று ஒரு பார்வை பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று மதியமே அந்த அறிவிப்பின் அடியில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்த பெண் எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். "அம்மா, அந்த ஊர் எங்க மாகாணத்துலயே இல்லையே" என்றாள். "எங்க சுவத்துல உங்க எண்தானே இருக்கு?" என்றேன். "அதான் எனக்கும் புரியல. எங்க அறிவிப்பை அங்க யாரு கொண்டுவந்து ஒட்டினது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

எனக்குத் தெரியும் யார் என்று. அந்தத் தாளின் மேல் மூலையில் நீல மையில் "எல்லாக் கிளைகளுக்கும்" என்று எழுதியிருக்கிறது. அது உன் கையெழுத்து. உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கினவள் நான்.

ஒரே கேள்விதான். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா

அக்டோபர் 17

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்க வேண்டாம். இங்கே தபாலை வாங்கி மேஜைக்கு மேஜை கொடுப்பவர் முதலாளியின் மைத்துனர். நல்லவேளை, அன்று அவர் விடுப்பு. இனி வீட்டுக்கு எழுது.

நீ கேட்டதற்குப் பதில். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இந்த மாகாணத்தில் இருக்கிறது. சம்பளச் சீட்டு இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே இந்த மாகாணத்துக் கூலிதான் மூன்று கிளைகளுக்கும் பொருந்தும் என்று முதலாளி விளக்கியிருக்கிறார். அதன்படிதான் அறிவிப்பு அனுப்பப்பட்டது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மேலும், தலைமை அலுவலகம் தருகிற கூலியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தத் தாள் என் அலமாரியில் இருக்கிறது.

அத்தான் கட்டடத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து கிடந்த வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நாற்பத்திரண்டு வயதில், முன்பின் வேலைக்குப் போகாத உன்னை யார் எடுத்தது? நான் முதலாளியின் முன்னால் நின்று கேட்டேன், அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது.

ஜனவரியில் என்னை மேலாளராக்குவதாக இருக்கிறார். தயவுசெய்து அதுவரை எங்கேயும் போய் எதையும் கேட்காதே.

தம்பி

அக்டோபர் 25

தம்பிக்கு,

வீட்டுக்கே எழுதுகிறேன், பயப்படாதே. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

எங்கேயும் போய்க் கேட்காதே என்று நீ எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் திங்கட்கிழமையே போய்க் கேட்டாகிவிட்டது. அரைநாள் லீவு போட்டு இங்கே இருக்கிற தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஜலதோஷம் பிடித்த ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு விதிக்கும் ஒரு தும்மல்.

"தலைமை அலுவலகம் எங்க இருந்தா என்னம்மா? நீங்க எங்க நின்னு வேலை செய்றீங்க?" என்றார். "இங்கதான், ரயில் நிலையத்துக்குப் பின்னாடி. சலவைக்கூடத்துல பெட்ஷீட் மடிக்கிறோம்." "அப்போ இந்த மாகாணத்துக் கூலிதான். கால் எங்க நிக்குதோ அந்த இடத்துச் சட்டம்." இவ்வளவுதான் தம்பி. உன் முதலாளியின் விளக்கம் ஒரு தும்மலில் பறந்துவிட்டது.

இந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். போன வருடம் வாடகை, பால், பஸ் கட்டணம், செருப்பு எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு எத்தனை ஏறியதோ, நூற்றுக்கு அத்தனை கூலியும் ஏறும். ஏப்ரலில் சொல்வார்கள், அக்டோபரில் கொடுக்க வேண்டும். "யாரும் போய்க் கெஞ்ச வேண்டியதில்ல. மந்திரி மனசு வைக்கணும்னு காத்திருக்க வேண்டியதில்ல. தானா ஏறும்" என்றார். விலை இறங்கினால் என்று கேட்டேன். "விலை இறங்கினாலும் கூலி இறங்காது. நிக்கிற இடத்துல நிக்கும்." உங்கள் மாகாணத்தில் இப்படி இல்லையாமே? அங்கே மந்திரிசபை கூடி நினைத்தால்தான் ஏறுமாம். ஐந்து வருடமாக அவர்களுக்கு நினைவு வரவில்லையாம். உன் முதலாளி அந்த மாகாணத்தின் மேல் ஏன் இத்தனை பாசமாக இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்றேன். "செல்லாது" என்றார். யாரும் மிரட்டவில்லை, நானாக மனசாரப் போட்டது என்றேன். "மனசாரப் போட்டாலும் செல்லாதும்மா. குறைவா வாங்கிக்கறேன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இல்ல." எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கை, என் கூலி, நடுவில் நீ யாரய்யா என்று கேட்டேவிட்டேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போட்டதும் உங்க பக்கத்துல இருந்தவங்க என்ன செஞ்சாங்க?" என்றார்.

அந்தத் தாள் வந்த அன்று எங்கள் கிளையில் இருக்கிற எட்டுப் பேரும் கையெழுத்து வைக்கத் தயங்கி நின்றோம். என்னோடு பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடிக்கிற நெட்டச்சி இருக்கிறாளே, அவள்தான், "உன் தம்பி அனுப்பினதா? அப்போ கெட்டதா இருக்காது" என்றாள். நான் முதலில் போட்டேன். அவள் அடுத்தது போட்டாள். பிறகு வரிசையாக எல்லாரும் போட்டார்கள். ஏழு பேர் கூலியை நான்தான் குறைத்தேன், தம்பி. உன் பேரைச் சொல்லிக் குறைத்தேன்.

உன் அறிவிப்பைக் கிழித்துப் போட்டேன். இந்த மாகாணத்து அறிவிப்பை வாங்கிவந்து அதே இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அக்கா

நவம்பர் 3

அக்கா,

என்ன காரியம் செய்தாய்? கிளை மேற்பார்வையாளர் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பியிருக்கிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, கத்தக்கூட இல்லை, "உங்க அக்கா நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை.

நான் அங்கே வந்து உங்கள் எட்டுப் பேரிடமும் புதிதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டுமாம். நீங்கள் எல்லாரும் தலைமை அலுவலகத்து ஊழியர்கள், தற்காலிகமாக அங்கே அனுப்பப்பட்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறது. அதை நானேதான் தட்டச்சு செய்தேன்.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. உனக்கு மணிக்கு இரண்டு குறைகிறது, அவ்வளவுதானே? அதை நான் மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து அனுப்பிவிடுகிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். நீ அந்தப் புது அறிவிப்பைக் கழற்றிவிடு. பாப்பாவுக்கு இப்போதுதான் ஆறு மாதம். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் எனக்கு வேலை போனால் நான் எங்கே போவேன்?

உன் தம்பியாகக் கேட்கிறேன்.

நவம்பர் 12

தம்பியாகக் கேட்கிறவனுக்கு,

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாய். உன் முதலாளி என்னிடம் எடுத்ததை உன்னிடம் பிடுங்கி எனக்குக் கொடுக்கிறாயா? அதற்குப் பேர் வேறு "வழி" என்று வைத்திருக்கிறாய். அப்படியானால் நெட்டச்சிக்கு யார் அனுப்புவது? அவளுக்கு உன்னைப் போல் தம்பி இல்லை. உருளை இஸ்திரியில் விரல் வெந்து கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற பெரியவருக்கு யார் அனுப்புவது?

அந்தத் தாளோடு நீ வராதே. வந்தால் வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவேன். தம்பி என்றும் பார்க்க மாட்டேன்.

இங்கே நடக்கிறதைச் சொல்கிறேன். எட்டுப் பேரும் சேர்ந்து மனு கொடுத்துவிட்டோம். மறுநாளே என்னை மடிப்பிலிருந்து எடுத்து, மருத்துவமனையிலிருந்து வருகிற அழுக்குத் துணியைப் பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். இரண்டு கையுறை, ஒரு முகமூடி, மீதியை நீயே நினைத்துக்கொள். மேற்பார்வையாளர் தினம் மூன்று முறை வந்து, "கஷ்டமா இருக்கா?" என்று கேட்கிறார். "இல்லீங்க, இங்கதான் நல்லா இருக்கு. நீங்க ரொம்ப நேரம் நிக்க மாட்டேங்கறீங்க" என்றேன். அதிலிருந்து இரண்டு முறைதான் வருகிறார்.

இப்போது உன்னிடம் வர வேண்டிய விஷயம். முதலாளி தெரியாமல் செய்தார் என்றால் ஆறு மாதப் பாக்கிதான் கிடைக்குமாம். தெரிந்தே செய்தார் என்றால் இரண்டு வருடத்துக்கும் கொடுக்க வேண்டுமாம். தெரிந்தே செய்தார் என்று எப்படிக் காட்டுவது என்று ஜலதோஷக்காரரைக் கேட்டேன். (இன்னும் சரியாகவில்லை அவருக்கு.) "ஒவ்வொரு மாகாணத்து அலுவலகமும் கம்பெனிக்கு அறிவிப்பு அனுப்பும். எங்களதும் உங்க தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கணும். போனது யார் கைக்குப் போச்சுன்னு தெரியணும்" என்றார்.

அங்கே தபாலைக் கொண்டுவந்து கொடுப்பது மைத்துனர். அதை வாங்கிப் பிரித்து முத்திரை குத்திக் கோப்பில் வைப்பது யார் என்று எனக்குத் தெரியும். மறுபடி கேட்கிறேன். எங்கள் மாகாணத்து அறிவிப்பு உன் மேஜைக்கு வந்ததா?

அக்கா

டிசம்பர் 1

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

வந்தது. நீ வேலைக்குச் சேருவதற்கு ஒரு மாதம் முன்பு வந்தது. மூன்று கிளைக்கும் மூன்று மாகாணத்து அறிவிப்பும் ஒரே வாரத்தில் வந்தன. எந்தத் தபால் வந்தாலும் "பெறப்பட்டது" என்று தேதியோடு முத்திரை குத்துவது என் வழக்கம், அது உனக்கே தெரியும். மூன்றிலும் குத்தி முதலாளி மேஜையில் பரப்பி வைத்தேன். அவர் மூன்றையும் படித்தார். இந்த மாகாணத்து அறிவிப்பில் பதினைந்து. மற்ற இரண்டிலும் அதைவிட அதிகம். "எதுக்குப்பா மூணு? ஒண்ணு போதும். இதையே எல்லாக் கிளைக்கும் அனுப்பு" என்று சொல்லி பதினைந்து இருந்ததை எடுத்துக் கொடுத்தார். மற்ற இரண்டையும் குப்பையில் போடச் சொன்னார். முத்திரை குத்தின தாளைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. கோப்பில் வைத்தேன். இன்னும் இருக்கிறது.

தெரியுமா, தெரியாதா என்று கேட்டாயே. தெரியாது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் படித்தேன் அக்கா. எண்ணைப் பார்த்தேன். நமக்கெதற்கு என்று அடுத்த தபாலைப் பிரித்தேன். ஒரு மாதம் கழித்து உன்னையே அந்தக் கிளைக்கு அனுப்பிவைத்தேன். ரயிலேற்றிவிட்டு வரும்போது, அக்காவுக்கு ஒரு நல்லது செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். என்னைச் சாட்சிக்கு இழுக்காதே. என்னால் முடியாது. நான் உன்னைப் போல இல்லை. சின்ன வயதிலிருந்தே இல்லை.

தம்பி

டிசம்பர் 9

தம்பி,

விசாரணை ஜனவரி 14, காலை பத்து மணி.

உன் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. இதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் போதும், எட்டுப் பேருக்கும் இரண்டு வருடக் கூலி வந்துவிடும். ஆனால் நான் வைக்க மாட்டேன். நீ என்னை நம்பி எழுதினது. அதை எடுத்துக் கொடுத்தால் நீ சொன்னதாக ஆகாது, நான் உன்னிடமிருந்து பிடுங்கினதாக ஆகும்.

நேற்று மதியம் நெட்டச்சி, "உன் தம்பி எழுதினானா?" என்று கேட்டாள். எழுதினான் என்றேன். "என்ன எழுதினான்?" என்றாள். குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டேன். இரண்டரை வருடம் ஒரே துணியின் இரண்டு முனையைப் பிடித்தவளிடம் முதல் பொய். அவள் நம்பிவிட்டாள். அவள் மூத்த பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அதையும் சொல்லி வைக்கிறேன்.

உன்னைப் போல இல்லை, முடியாது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். நானும்தான் இப்படி இருக்கவில்லை. அத்தானிடம் கேட்டுப் பார். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க வாய் வராமல் வீடு வரை புலம்பிக்கொண்டே வருகிறவள் நான். கோபம் வந்தது, கேட்டேன். அவ்வளவுதான்.

உன் முடிவை நீயே எடு. நான் இனி அதற்காக எழுத மாட்டேன்.

அக்கா

ஜனவரி 10

அக்கா,

நேற்று உங்கள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். முத்திரை குத்தின அந்த அறிவிப்பு, முதலாளி சொன்னது, நான் செய்தது, எல்லாம் என் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு. நான் படித்தேன் என்பதையும் எழுதிவிட்டேன். அதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதினால் மற்றதும் பொய் போல இருந்தது.

அனுப்பிவிட்டு முதலாளியின் அறைக்குப் போய் நானே சொன்னேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. "பதினோரு வருஷம் இந்த நாற்காலியில உக்காந்து சாப்பிட்டிருக்கே" என்றார். "உக்காந்து வேலை செஞ்சேங்க. சாப்பிட்டது எங்க வீட்டுல" என்று சொல்லிவிட்டேன். நானா சொன்னேன்? என் வாய்தான்.

மதியத்துக்குள் மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இப்பவாவது ராத்திரி தூங்குவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தம்பி

ஜனவரி 22

என் தம்பிக்கு,

கேள்.

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. ரேஷன் கடையில் எடை சொல்கிற குரலில் உன் கடிதத்தை முழுக்க வாசித்தார், ஏற்ற இறக்கமே இல்லாமல். "நான் படித்தேன், எண்ணைப் பார்த்தேன்" என்று வந்த இடத்தில் நெட்டச்சி என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் பாதி, பெருமை பாதி. உன்னை நினைத்து அப்படியே அழுதுவிட்டேன். சத்தம் வரவில்லை, மூக்குதான் ஒழுகியது.

உன் முதலாளி எழுந்து, "பதவி குடுக்கலைங்கற ஆத்திரத்துல எழுதினது. அவனே சமீபத்துல தயாரிச்ச தாளா இருக்கும்" என்றார். அதிகாரி அறிவிப்பை விளக்குக்கு நேராகப் பிடித்து, "முத்திரையில தேதி கிட்டத்தட்ட மூணு வருஷத்துக்கு முன்னாடியா இருக்கே. இதே முத்திரை நீங்க எங்களுக்கு அனுப்பின மத்த காகிதத்துலயும் இருக்கே. அதெல்லாமும் அவர் ஆத்திரத்துல குத்தினதா?" என்று கேட்டார். அதோடு அவர் உட்கார்ந்தவர்தான்.

எட்டுப் பேருக்கும் இரண்டு வருடப் பாக்கி, முப்பது நாளுக்குள். இனிமேல் பதினேழு. அக்டோபரில் எது வருகிறதோ அது. நான் திரும்ப மடிப்புக்கு வந்துவிட்டேன்.

வெளியே வரும்போது முதலாளி என்னிடம், "உன் தம்பி வாழ்க்கையைக் கெடுத்துட்டியேம்மா" என்றார். "அவனை உங்ககிட்ட விட்டுவச்சதுதான் நான் செஞ்ச கெடுதல்" என்றேன். பஸ் நிறுத்தத்தில் நெட்டச்சியிடம், அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவள் முழுசாக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்ஷீட்டின் மறுமுனையை எடுத்துக்கொண்டு வந்து, "பிடி" என்றாள்.

நீயும் அங்கே மனு கொடு. சாட்சி சொன்னதற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, அதற்கும் சட்டம் இருக்கிறது.

அக்கா

பிப்ரவரி 6

அக்கா,

மனு கொடுத்திருக்கிறேன். ஆறு மாதம் ஆகலாம் என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு வாடகை காத்திருக்காது. எட்டு அலுவலகம் ஏறி இறங்கிவிட்டேன். முன்பு எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்கிறார்கள், சொல்கிறேன், பிறகு தகவல் அனுப்புகிறோம் என்கிறார்கள். முதலாளிக்கு இந்த ஊரில் தெரியாத ஆள் இல்லை.

சரக்குக் கிடங்கு ஒன்றில் லாரியிலிருந்து பெட்டி இறக்குகிற வேலை இருக்கிறது. மணிக்குப் பன்னிரண்டு, கையில் காசு, சீட்டு கிடையாது. இந்த மாகாணத்தில் பதினைந்துக்குக் குறையக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாப்பாவுக்குப் பால் வாங்க வேண்டும். நானாக ஒத்துக்கொண்டு போகிறேன், யாரும் இதில் ஏமாறவில்லை. திட்டாதே.

தம்பி

பிப்ரவரி 12

தம்பி,

திட்டத்தான் போகிறேன்.

முதலில் இதோடு இருப்பதை எடுத்து உள்ளே வை. பாக்கி வந்துவிட்டது, அதில் பாதி. அத்தானைக் கேட்டுத்தான் அனுப்புகிறேன், "முழுசா அனுப்பு" என்றார், நான்தான் பாதி என்றேன். இரண்டு மாத வாடகைக்கும் பாலுக்கும் இது தாங்கும். கடன் என்று எழுதினாயானால் நேரில் வந்து உதைப்பேன்.

இப்போது கேள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஒருத்தன் நிற்கிறான், நீ வீட்டையும் கொளுத்தி அவன் கையில் கொடுக்கிறாய். யாரும் ஏமாறவில்லையா? நீ பன்னிரண்டுக்குச் சரி என்று தலையாட்டினால் உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவன் பதினைந்து என்று எப்படி வாயைத் திறப்பான்? அவனிடம், "இதோ, படிச்சவரு, ஆபீசுல இருந்தவரு, அவரே ஒத்துக்கிட்டாரு" என்பான் கிடங்குக்காரன். உன்னைக் காட்டி ஊரையே அடிப்பான். உங்கள் மாகாணத்தில் அந்தப் பதினைந்து தானாக ஏறுவதும் இல்லை. ஏறாததைக் கீழேயும் இழுத்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்?

அந்தத் தொகை உன்னுடையது இல்லை, தம்பி, விட்டுக்கொடுக்க. எனக்கு அது புரிய ஏழு பேர் நஷ்டப்பட வேண்டியிருந்தது.

வேலைக்குப் போ. பெட்டி தூக்கு, தப்பில்லை. பதினைந்துக்குத் தூக்கு.

அக்கா

பிப்ரவரி 20, காலை பத்தேகால்

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். முழங்காலில் அட்டையை வைத்து எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிடங்குக்குப் போனேன். இரும்புக் கதவுக்கு முன்னால் ஒன்பது பேர். நான் முதல் ஆள். கிடங்குக்காரர் பட்டியலோடு வந்து, "பன்னெண்டு. சரியா?" என்றார். "பதினஞ்சுங்க" என்றேன். "எதுக்காம்?" "இந்த மாகாணத்துச் சட்டம் அதுதான்." "அப்போ நகரு" என்றார். நகர்ந்தேன். ஆனால் போகவில்லை, பக்கத்திலேயே நின்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். அடுத்த ஆளும் போனார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இரண்டு வாரம் முன்பு நான் எழுதினதுதானே அது. நாலாவதாக ஒரு லாரி ஓட்டுநர், வண்டி பறிபோனவராம். "பதினஞ்சா? நெசமாவா?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். ஐந்து வருடமாக ஏறவில்லை என்பதையும் சொன்னேன். அவர் கிடங்குக்காரர் பக்கம் திரும்பி, "இவர் சொன்னதுதாங்க எனக்கும்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு இரண்டு பேர் உள்ளே போனார்கள். மூன்று பேர் எங்களோடு வந்தார்கள்.

நாலு பேர் உள்ளே, ஐந்து பேர் வெளியே. வாசலில் இரண்டு பெரிய லாரி நிற்கிறது. ஒன்றில் பாதிகூட இறங்கவில்லை. இரண்டாவதன் கதவை இன்னும் திறக்கவே இல்லை. அதன் ஓட்டுநர் நிமிடத்துக்கொரு தரம் ஹாரன் அடிக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் எதிர் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறோம். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார்கள், அக்காவுக்கு என்றேன். "அவங்களைக் கேட்டதா எழுதுங்க" என்கிறார் வண்டி பறிபோனவர்.

கிடங்குக்காரர் இத்தோடு மூன்றாவது முறை வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.

தம்பி